கயிறு அவிழ்த்த பிறகு: நாய்ப் பூங்காத் தன்னார்வம் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ரெட்மண்ட் நகரையொட்டி மேரிமூர் பூங்கா இருக்கிறது. அங்கே நாய்களைக் கயிறு அவிழ்த்து ஓடவிடும் பகுதியைத் தன்னார்வலர்கள் எவ்வாறு காத்து வருகிறார்கள் என்று சென்ற இதழில் ஒரு பத்தி எழுதி, விருப்பமுள்ளவர்கள் கைகொடுக்கலாம் என்றும் சொல்லியிருந்தேன். ஒரு பத்திக்கு இத்தனை கடிதங்கள் வருமென்று நான் நினைக்கவில்லை. எழுதியவர்களில் பலர் நாய் வளர்ப்பவர்கள். சிலர் நாய் என்றாலே ஒதுங்குபவர்கள். ஒருவர் என்னைக் கண்டித்தே எழுதியிருந்தார். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஆறு மாதங்களுக்கு முன் ஒரு லாப்ரடார் குட்டி வாங்கினோம். வாரந்தோறும் மேரிமூருக்கு அழைத்துச் செல்கிறோம். வரி கட்டுகிறோம், வாகனம் நிறுத்தவும் கட்டணம் கட்டுகிறோம். அப்படியிருக்கப் பூங்காவைப் பராமரிப்பது அரசின் பொறுப்புதானே? தன்னார்வலர்களுக்கு அங்கே அப்படி என்ன வேலை?
— ஒரு வாசகி, ரெட்மண்ட்

பதில்: பொறுப்பு அரசுடையதுதான், நிலமும் கிங் கவுண்டி என்ற மாவட்ட நிர்வாகத்துடையதுதான். ஆனால் 640 ஏக்கர் பரப்புள்ள மேரிமூரில் நாய்களுக்கென ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ 40 ஏக்கர் என்பது, கால்பந்துத் திடலைப் போலப் புல்வெட்டிக் கோடுபோட்டு விட்டுவிடக்கூடிய இடம் அன்று. நாள் முழுதும் நூற்றுக்கணக்கான நாய்கள் ஓடுகின்றன, தோண்டுகின்றன, ஆற்றில் குதித்துக் கரையேறுகின்றன. அதற்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு ஆள் வைக்க எந்தப் பூங்காத் துறையிடமும் பணம் இருப்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ‘சர்வ் அவர் டாக் ஏரியாஸ்’ என்ற, சுருக்கமாக ‘சோடா’ என்று அழைக்கப்படும் தன்னார்வலர் அமைப்பு அங்கே வேலை செய்கிறது. சியாட்டில் நகருக்குள் இதே வேலையைச் செய்வது ‘கோலா’ என்ற இன்னோர் அமைப்பு.

இந்த ஏற்பாடு நாய்ப் பூங்கா என்ற கருத்தோடேயே பிறந்தது. அமெரிக்காவின் முதல் நாய்ப் பூங்கா என்று பொதுவாகச் சொல்லப்படுவது கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் 1979-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஓலோன் நாய்ப் பூங்கா. சுரங்க ரயில்பாதை போட்டபோது வீடுகள் இடிக்கப்பட்டு வெறுமையாகக் கிடந்த நிலத்தின் ஒரு பகுதியை, அக்கம்பக்கத்தில் நாய் வளர்த்தவர்கள் கேட்டுப் பெற்றார்கள். நகராட்சி அதைச் சோதனை முயற்சி என்றுதான் அனுமதித்தது. ‘தருகிறோம், ஆனால் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்ற அந்த உடன்பாடுதான், 1990-இல் நியூயார்க்கின் டாம்ப்கின்ஸ் சதுக்கத்தில் நாய்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டபோதும், அதற்குப் பிறகு சியாட்டில் பக்கத்தில் பூங்காக்கள் வந்தபோதும், ஏறக்குறைய அதே வடிவில் தொடர்ந்தது. ஆகவே ‘பார்த்துக்கொள்வோம்’ என்று சொன்னவர்கள் ஓய்ந்துவிட்டால், ‘தருகிறோம்’ என்று சொன்னவர்கள் திரும்பக் கேட்பதற்கு வழி திறந்தே இருக்கிறது.

வேலை என்னவென்று கேட்டீர்கள். இந்தப் பக்கத்தில் அக்டோபரில் தொடங்கும் மழை ஏப்ரல் வரை ஓயாது என்பது உங்களுக்கே தெரியும். ஆயிரம் கால்கள் மிதிக்கும் பாதை பதினைந்து நாளில் நாற்று நடுவதற்குத் தோதான சேறாகிவிடும். மரம் வெட்டுகிறவர்கள் கொண்டுவந்து கொட்டும் மரச்சில்லுகளை அதன்மேல் பரப்ப வேண்டும். ஒரு ஜனவரிச் சனிக்கிழமை காலையில் அந்தக் குவியலில் முதல் முறையாகக் கவைக்கோலைக் குத்தியபோது உள்ளிருந்து ஆவி எழுந்தது. பச்சை மரம் குவிந்து கிடந்தால் உள்ளே புழுங்கிச் சூடேறிவிடும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. விறைத்திருந்த கைகளை எல்லோரும் அந்த ஆவியில் காட்டிச் சூடேற்றிக்கொண்டு, ஒற்றைச் சக்கர வண்டிகளில் அள்ளிப்போட்டு, நாற்பது அடித் தூரத்தை மூடி முடிப்பதற்குள் இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அடுத்த ஆண்டு அந்தச் சில்லுகள் மக்கி மண்ணாகியிருந்தன; மறுபடியும் பரப்பினோம்.

மற்றவை சிறு வேலைகள். நாய்கள் தோண்டிய குழிகளை மூட வேண்டும். ஓடிவரும் மனிதர் கால் இடறி எலும்பு முறிவது பெரும்பாலும் இந்தக் குழிகளில்தான். வேலியின் அடியில் மண் அரித்திருக்கிறதா, கதவின் கொக்கி சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். கழிவு அள்ளும் பைகள் வைக்கும் பெட்டிகளை நிரப்ப வேண்டும். அடுத்தவர் நாயின் கழிவையும் அள்ள வேண்டியிருக்கும். அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

நம்மவர் பலர் இங்கேதான் என்னிடம் வாதிடுவார்கள்: ‘மண்ணில் கிடந்தால் எருவாகத்தானே போகும்?’ என்று. புல் தின்னும் மாட்டின் சாணமும், இறைச்சியும் தானியமும் கலந்த உணவைத் தின்னும் நாயின் கழிவும் ஒன்றல்ல. நாய்க் கழிவில் கொக்கிப்புழு, உருளைப்புழு ஆகியவற்றின் முட்டைகளும் ஜியார்டியா கிருமியும் இருக்கக்கூடும். சில முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மேரிமூரில் ஒருபக்கம் சம்மாமிஷ் ஆறு ஓடுகிறது. மழைநீரோடு அடித்துச் செல்லப்படுவது அந்த ஆற்றில்தான் கலக்கும்.

கேள்வி: நான் எச்-1பி என்ற பணி விசாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன், மனைவி என்னைச் சார்ந்தவருக்கான எச்-4 விசாவில் இருக்கிறார். சனிக்கிழமைகளில் இருவரும் பூங்காவில் தன்னார்வலர்களாகச் சேர விரும்புகிறோம். இதனால் விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.
— ஒரு வாசகர், சம்மாமிஷ்

பதில்: ஊதியம் எதையும் எதிர்பார்க்காமல், லாப நோக்கற்ற அறநிறுவனம் ஒன்றுக்காக, வழக்கமாகத் தன்னார்வலர்களே செய்துவரும் வேலையைச் செய்வதற்கு விசா தடையாக இருப்பதில்லை. மரச்சில்லு அள்ளுவதும் குழி மூடுவதும் அந்த வகை வேலைகள். கவனமாக இருக்க வேண்டியது வேறோர் இடத்தில். நீங்கள் மென்பொருள் துறையில் இருப்பது தெரிந்தால், ‘எங்கள் வலைத்தளத்தைக் கொஞ்சம் கட்டித் தர முடியுமா?’ என்று யாராவது நல்லெண்ணத்தோடு கேட்பார்கள். பொதுவாகப் பணம் கொடுத்து ஆள் வைத்துச் செய்யும் வேலையை, பணமில்லாமல் செய்தாலும், அதை ‘வேலை’ என்றே அதிகாரிகள் கருத இடமுண்டு. பணத்துக்குப் பதிலாகப் பரிசுச்சீட்டு போன்றவற்றை ஏற்றுக்கொண்டாலும் அப்படியே. உங்கள் மனைவிக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். மண்வெட்டியோடு நிற்கும்வரை கவலையில்லை. கணினியின் முன் உட்காரச் சொன்னால், முதலில் உங்கள் நிறுவனத்தின் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

இதோடு ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்கிறேன், பலருக்குத் தெரிவதில்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அமெரிக்காவிலுள்ள தன் ஊழியர்கள் தகுதிபெற்ற அறநிறுவனங்களுக்குத் தரும் ஒவ்வொரு தன்னார்வ மணி நேரத்துக்கும் 25 டாலரை அந்த அறநிறுவனத்துக்கு அளிக்கிறது. வேறு சில நிறுவனங்களிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. நீங்கள் ஆண்டில் 20 மணி நேரம் சில்லு அள்ளினால், அதன்பேரில் 500 டாலர் அந்த அமைப்புக்குப் போய்ச் சேரும். உங்கள் நிறுவனத்தின் உள்வலைத்தளத்தில் மணிக்கணக்கைப் பதிவு செய்ய ஐந்து நிமிடம் போதும். என் அனுபவத்தில், இரண்டு மணி நேரம் மழையில் நனைய அஞ்சாதவர்கள் இந்த ஐந்து நிமிடத்துக்குச் சோம்பிவிடுகிறார்கள்.

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகனுக்குப் பள்ளியில் காட்டத் தன்னார்வச் சேவை மணி நேரங்கள் தேவைப்படுகின்றன. எங்களிடம் நாய் இல்லை. சேர்த்துக்கொள்வார்களா?
— ஒரு தாய், பெல்வியூ

பதில்: சேர்த்துக்கொள்வார்கள். நாய் வைத்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை; சொல்லப்போனால் வேலை நாளில் நாயோடு வருகிறவரின் ஒரு கை எப்போதும் நாயிடம் மாட்டிக்கொண்டிருக்கும். பதினெட்டு வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோரின் கையொப்பம் வேண்டும்; மிகவும் இளையவராக இருந்தால் நீங்களும் உடன் வர வேண்டியிருக்கும். மழைக்கால்சட்டையும் முழங்கால்வரை வரும் ரப்பர் காலணியும் வாங்கிக் கொடுங்கள். பள்ளிப் படிவத்தில் கையொப்பம் வாங்குவதை வேலை முடிந்த அன்றே செய்யச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து வந்து கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

கேள்வி: உங்கள் பத்தியைப் படித்துத்தான் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மூன்றாவது வாரமே, சிறிய நாய்களைத் துரத்திக்கொண்டிருந்த ஒரு பெரிய நாயின் உரிமையாளரிடம், ‘தயவுசெய்து கயிற்றைப் பூட்டுங்கள்’ என்றேன். ‘நீ யார் எனக்குச் சொல்ல?’ என்று எல்லோர் முன்னும் கத்திவிட்டார். இப்போது பூங்காவுக்குப் போகவே மனம் கூசுகிறது. நான் செய்தது தவறா?
— ஒரு வாசகர், கர்க்லாண்ட்

பதில்: செய்தது தவறில்லை, சொன்ன விதத்தில் ஒரு சின்னப் பிழை இருந்திருக்கலாம். அதே பிழையை நானும் செய்து, உங்களைவிடப் பெரிய கூட்டத்தின் முன் திட்டு வாங்கியவன் என்பதால் இதை உரிமையோடு எழுதுகிறேன்.

தன்னார்வலர் அணியும் மேல்சட்டைக்கு எந்த அதிகாரமும் கிடையாது. நாம் காவலர் அல்லர். அபராதம் போடவோ ஒருவரை வெளியேற்றவோ நம்மால் முடியாது. எனவே கட்டளையாக ஒலிக்கும் எதுவும், அது ‘தயவுசெய்து’ என்று தொடங்கினாலும், எதிராளியின் தன்மானத்தில்தான் போய்த் தைக்கும். அவருக்கு அவருடைய நாய் பிள்ளை மாதிரி. ‘உங்கள் பிள்ளை சரியில்லை’ என்று கடைத்தெருவில் நின்று சொன்னால் யார்தான் கேட்பார்கள்?

நான் இப்போது வேறு விதமாகச் செய்கிறேன். முதலில் எதிரே நின்று பேசாமல் பக்கத்தில் போய், இருவரும் நாய்களைப் பார்த்தபடி நிற்கும்படி நின்றுகொள்வேன். நாயின் பெயரைக் கேட்பேன். பிறகு நான் காண்பதை மட்டும் சொல்வேன்: ‘அந்தக் குட்டை நாய் வாலைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு பெஞ்சுக்கடியில் போக முயல்கிறது, பாருங்கள். உங்களுடையவனைக் கொஞ்சம் கூப்பிட்டுக்கொண்டால், அதுவாகவே திரும்பி விளையாட வருகிறதா என்று பார்த்துவிடலாம்.’ இது வெறும் சாமர்த்தியப் பேச்சன்று. துரத்தும் நாயைச் சற்றுப் பிடித்து வைத்தால், துரத்தப்பட்ட நாய் மீண்டும் தானே நெருங்கி வருமானால் அது விளையாட்டு. விலகி ஓடிவிடுமானால் அதற்கு அதில் விருப்பமில்லை. இதைக் கண்ணால் பார்த்த பிறகு பெரும்பாலான உரிமையாளர்கள் தாமாகவே கயிற்றை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதவர்களும் உண்டு. அப்போது எதிராளியை விட்டுவிட்டு, சின்ன நாயின் உரிமையாளரிடம் போய் அவரை வேறு பக்கம் அழைத்துச் செல்வதே மேல்.

விளையாட்டுக்கும் சண்டைக்கும் உள்ள வேறுபாட்டை நாயின் உடலே சொல்லிவிடும். முன்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி வளைந்து நெளியும் நாய் விளையாட அழைக்கிறது. உடல் விறைத்து, வாய் மூடி, கண் இமைக்காமல், கழுத்துமயிர் சிலிர்த்து அசையாமல் நின்றால் அடுத்த நொடி பற்கள்தாம். சண்டை மூண்டுவிட்டால் கழுத்துப்பட்டையைப் பிடிக்கக் கையை நீட்டாதீர்கள். சண்டையின் வெறியில் இருக்கும் நாய், தன் எசமானரின் கையையும் அடையாளம் தெரியாமல் கடித்துவிடும். தண்ணீர் ஊற்றுங்கள், ஓசை எழுப்புங்கள். பிரிந்த பின் இருவரும் பெயர், தொடர்பெண், தடுப்பூசி விவரம் ஆகியவற்றைப் பரிமாறிக்கொள்ளச் செய்யுங்கள். மனிதரை நாய் கடித்திருந்தால், கிங் கவுண்டியின் வட்டார விலங்குப் பணித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி, நாய் இதற்குமுன் யாரையும் கடித்ததில்லை என்பது உரிமையாளருக்கு ஒரு தற்காப்பு ஆகாது. பொது இடத்தில் ஒருவரைக் கடித்தால் முதல் கடிக்கே அவர்தான் பொறுப்பு. இந்த ஒரு செய்தியை அமைதியான குரலில் சொன்னால், சில சமயம் மற்ற எல்லாப் பேச்சையும்விட அது வேலை செய்கிறது.

நீங்கள் திரும்பிப் போங்கள். முடிந்தால் நுழைவாயில் பக்கம் நில்லுங்கள், ஏனென்றால் அதிகச் சண்டை தொடங்கும் இடம் அதுதான். புதிதாக வரும் நாயை முகர்ந்து பார்க்க உள்ளே இருக்கும் நாய்களெல்லாம் வாயிலில் கூடிவிடும். வந்தவரோ அச்சத்தில் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடிப்பார். மற்றவை சுதந்திரமாக நிற்க, தான் மட்டும் கட்டுண்டு நிற்கும் நாய்க்கு ஓடவும் வழியில்லை, ஒதுங்கவும் வழியில்லை. எஞ்சியிருப்பது கடிப்பது ஒன்றுதான். கூடியிருக்கும் நாய்களின் உரிமையாளர்களை ‘உள்ளே நடந்துகொண்டே இருங்கள்’ என்று நகரச் சொல்வதும், வந்தவரை இரட்டைக் கதவுகளுக்கிடையே உள்ள கூண்டிலேயே கயிற்றை அவிழ்க்கச் சொல்வதும், ஒரு தன்னார்வலர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை. இதில் யாரையும் குறைசொல்ல வேண்டியதில்லை என்பதால் யாரும் கத்துவதில்லை.

கேள்வி: நாய்ப் பூங்கா நோய்ப் பூங்கா! எங்கள் நாய் ஆற்றங்கரையில் விளையாடிவிட்டு வந்த ஒரு வாரத்தில் சாகக் கிடந்தது. தன்னார்வம் என்ற பெயரில் இத்தகைய இடங்களுக்கு ஆள்சேர்ப்பதை நிறுத்துங்கள்.
— ஒரு வாசகர், சியாட்டில்

பதில்: உங்கள் நாய் பிழைத்துக்கொண்டது என்று கடிதத்தின் பின்பகுதியில் எழுதியிருந்தீர்கள், அதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ‘பச்சை மீனைத் தின்றதா என்று மருத்துவர் கேட்டார், தின்றிருக்கலாம் என்றோம்’ என்ற வரியையும் எழுதியிருந்தீர்கள். நான் மருத்துவன் அல்லன். ஆனால் அந்த வரியின் பொருளை எல்லா வாசகர்களும் அறிய வேண்டும்.

பசிபிக் வடமேற்குக் கரையோரத்து ஆறுகளில் இலையுதிர்காலத்தில் சால்மன் மீன்கள் முட்டையிட மேலேறி வந்து, முட்டையிட்டபின் செத்துக் கரையில் ஒதுங்கும். அந்த மீன்களின் உடலில் ஒருவகைத் தட்டைப்புழு இருக்கும். அந்தத் தட்டைப்புழுவுக்குள் ஒரு நுண்கிருமி இருக்கும். பச்சை மீனைத் தின்ற நாய்க்கு ஏறத்தாழ ஒரு வாரத்தில் காய்ச்சலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், நிணநீர்க்கட்டிகள் வீங்கும், நாய் உணவை முகர்ந்தும் பார்க்காது. மருத்துவம் செய்யாவிட்டால் இரண்டு வாரங்களுக்குள் பெரும்பாலான நாய்கள் இறந்துவிடும். மருத்துவரிடம் உரிய நேரத்தில் கொண்டுபோனால், டெட்ராசைக்ளின் வகை மருந்துகளாலும் புழுமருந்தாலும் காப்பாற்றிவிட முடிகிறது. பூனைக்கு இந்த நோய் வருவதில்லை, கரடிக்கும் நமக்கும் வருவதில்லை. நாய்க் குடும்பத்துக்கு மட்டும் இப்படி ஒரு சாபம். வேறு மாநிலத்திலிருந்து இங்கு மாறி வருகிறவர்கள் இதைக் கேள்விப்பட்டிருப்பதே இல்லை.

ஆக, உங்கள் குற்றச்சாட்டில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். பல நாய்கள் கூடும் இடத்தில் கென்னல் இருமல் என்ற தொற்று இருமலும் ஜியார்டியாவும் பரவத்தான் செய்யும். தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கத்தான் கூடும். தடுப்பூசித் தவணைகள் முடியாத குட்டியை, அதாவது ஏறத்தாழ நான்கு மாதம் நிரம்பாத குட்டியை, நாய்ப் பூங்காவின் வாசலுக்கே கொண்டுவரக் கூடாது. குட்டிகளின் உயிரையே வாங்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆனால் ‘ஆள்சேர்ப்பதை நிறுத்துங்கள்’ என்பதில்தான் நான் மாறுபடுகிறேன். அக்டோபரில் கரையோரம் நடந்து செத்த மீன் ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்து, பார்த்ததைப் பூங்கா ஊழியர்களிடம் சொல்வதும், தேங்கிய குட்டையை நிரப்புவதும், எச்சரிக்கைப் பலகை வைப்பதும் யார் செய்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? உங்களைப்போல் ஒருமுறை பட்டவர்தான் அந்தப் பலகையின் பக்கத்தில் நின்று புதியவர்களுக்குச் சொல்ல ஏற்றவர். வர மனமில்லாவிட்டால் நிர்ப்பந்தமில்லை.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 200 வீடுகள், பாதிக்கு மேற்பட்டோரிடம் நாய் உண்டு. நடக்கும் தூரத்தில் நாய்ப் பூங்கா இல்லை. நகராட்சியிடம் கேட்டு ஒன்றை உருவாக்கலாம் என்று ஐந்து குடும்பங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?
— சில வாசகர்கள், போத்தெல்

பதில்: நாய் வைத்திராத பாதிப்பேரிடமிருந்து தொடங்குங்கள். பொதுக் கூட்டத்தில் உங்கள் திட்டத்தைக் கவிழ்க்கக்கூடியவர்கள் அவர்கள்தாம்; அவர்கள் கேட்பவை மூன்றே: குரைப்புச் சத்தம், நாற்றம், வாகன நெரிசல். நீங்கள் பார்த்திருக்கும் இடத்தைச் சுற்றியுள்ள வீடுகளின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டி, இந்த மூன்றைப் பற்றியும் அவர்களே பேசக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கையெழுத்து வாங்குவது இரண்டாம் சுற்றில் இருக்கட்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, ஒரு ஏக்கராவது இருப்பது நல்லது, நான்கு முதல் ஆறு அடி உயர வேலி வேண்டும், இரட்டைக் கதவு வேண்டும் என்று அமெரிக்கன் கென்னல் கிளப் பரிந்துரைக்கிறது. இவற்றைவிட நான் முதலில் பார்ப்பது வடிகால். கோடையில் போய்ப் பார்த்துவிட்டு ‘அருமையான புல்வெளி’ என்று மயங்காதீர்கள். டிசம்பரில், மூன்று நாள் விடாமல் பெய்த மறுநாள், போய் நடந்து பாருங்கள். காலணி உள்ளே போனால் அந்த இடம் வேண்டாம். ஓடையோ சதுப்போ பக்கத்தில் இருந்தால், சுற்றுச்சூழல் அனுமதியிலேயே ஆண்டுகள் கழிந்துவிடும். சரிவும் கூடாது. நிழலும் குடிநீர்க் குழாயும் இருந்தால் பாதிச் செலவு மிச்சம்.

நகராட்சியிடம் ‘நிரந்தரமாகத் தாருங்கள்’ என்று கேட்பதைவிட, ஓராண்டுக்குச் சோதனையாகத் தாருங்கள் என்று கேளுங்கள். பெர்க்லியில் அன்று அப்படித்தான் கிடைத்தது. சோதனைக்கு ‘சரி’ சொல்வது எந்த நகர்மன்ற உறுப்பினருக்கும் எளிது. அந்த ஆண்டில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புகார் வந்தது, எத்தனை மணி நேரம் தன்னார்வலர்கள் உழைத்தார்கள் என்பதை நாள்வாரியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டுத்தான் அடுத்த ஆண்டு உங்களுக்காகப் பேசும்.

லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்துகொள்வதும், பொறுப்புக் காப்பீடு எடுப்பதும், யார் எதைப் பராமரிப்பது என்று நகராட்சியோடு எழுத்தில் உடன்பாடு செய்துகொள்வதும் பின்னால் வரும். லாப நோக்கற்ற அமைப்பின் தன்னார்வலரைச் சாதாரணக் கவனக்குறைவுக்கான வழக்குகளிலிருந்து காக்க 1997-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று உண்டு. எனினும் அது தனிமனிதரைத்தான் காக்கும், அமைப்பைக் காக்காது. ஆகவே காப்பீட்டைத் தவிர்க்க நினைக்காதீர்கள். ஐந்து குடும்பங்களில் கணக்கு எழுதுவதில் சலிக்காதவர் ஒருவர் இருந்தால் அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நாய்களை நேசிப்பவர்கள் எளிதில் கிடைப்பார்கள். கணக்கு எழுதுகிறவர் கிடைப்பது அரிது.

கேள்வி: மதுரையிலிருந்து வந்திருக்கும் என் மாமனார், ‘நாய்க்கு ஒரு பூங்கா, அதற்கு ஒரு சங்கம், அதில் நீ உறுப்பினரா?’ என்று தினமும் கேலி செய்கிறார். ஆனால் வீட்டிலிருந்து அவருக்கும் பொழுது போகவில்லை. சிறு வயதில் தெருநாய் கடித்து வயிற்றில் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டவர், அதனால் நாய் என்றால் நடுங்குவார். அவரையும் ஏதாவது வேலையில் சேர்க்க முடியுமா?
— ஒரு மருமகள், ரெட்மண்ட்

பதில்: பதினான்கு ஊசித் தலைமுறையின் அச்சத்தைக் கேலி செய்யாதீர்கள், அவர் உங்களைக் கேலி செய்தாலும்! ‘எங்கள் நாய் ஒன்றும் செய்யாது, மாமா’ என்று சொல்லி வேலிக்குள் அழைத்துச் செல்லவே கூடாது. அது அவருக்கும் கொடுமை. அஞ்சி நிற்கும் மனிதரைச் சுற்றி நாய்களும் தேவையில்லாமல் கூடும்.

வேலிக்கு வெளியே வேலை இருக்கிறது. இங்கே எந்தப் பூங்காவுக்குப் போனாலும் வேலியோரமாக ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கும் முட்புதரைப் பார்த்திருப்பீர்கள். ஆகஸ்டில் கறுப்பாகப் பழம் பறித்துத் தின்கிறோமே, அந்த இமாலய பிளாக்பெர்ரிதான். வெளியிலிருந்து வந்து இந்த மண்ணை வளைத்துக்கொண்ட செடி அது. வேலியைத் தின்னும், பாதையை மூடும், நாய்களின் பாதத்தில் முள் ஏற்றும். உங்கள் மாமனாருக்கு இதைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வேலிக்கருவையோடு காலமெல்லாம் மல்லுக்கட்டிய ஊர்க்காரர் அவர். பூங்காத் துறையே ஏற்பாடு செய்யும் களை நீக்கும் நாட்களில் அழைத்துப் போங்கள். தனியாகப் போய் வெட்ட அனுமதியில்லை, ஆற்றங்கரையில் அறவே இல்லை.

மேலே வெட்டினால் போதாது, வேர்முண்டைத் தோண்டி எடுக்க வேண்டும் என்று அவரே சொல்வார். வேலிக்கருவைக்கு இல்லாத ஒரு தந்திரம் மட்டும் இந்தச் செடிக்கு உண்டு. அதை மறக்காமல் சொல்லி அனுப்புங்கள். வெட்டிய கொடியை ஈரமண்ணில் அப்படியே போட்டுவிட்டு வந்தால், நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் அது மறுபடி வேர்விட்டுவிடும். எனவே வெட்டியதையெல்லாம் தார்ப்பாயில் இழுத்துக்கொண்டு வந்து குவிக்க வேண்டும். கையுறை தடித்த தோலில், முழங்கைவரை வருவதாக வாங்குங்கள்.